ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஓஎஸ், உங்கள் மெஷின் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து வீடுகளில் ஒரு லேப்டாப்பை இரண்டு பேர் இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஐடி பாடம் முழுக்க லினக்ஸ். கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தயாரித்துக் கொடுக்கும் ஓஎஸ் (மெஷினையே இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம்) அது. தமிழ் மீடியமோ மலையாள மீடியமோ, லேபில் அதுதான். அப்பா பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்க்கிறவர். அவருக்கு டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி எல்லாமே விண்டோஸ். "இதுக்குள்ளயே அதையும் ஓட்டிக்கலாமுங்களா?" என்று சர்வீஸ் மேஜைக்கு வந்து கேட்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கேள்வி: உள்ளே இன்னொரு ஓஎஸ் ஓடுகிறது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

விர்ச்சுவல் பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, லினக்ஸில் கேவிஎம் என்று பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம், என்ற ஒரு போலி கம்ப்யூட்டரை உண்டாக்கி அதில் ஓஎஸ்ஸை ஏற்றுகிறார்கள். வெளியே இருப்பது ஹோஸ்ட், உள்ளே ஓடுவது கெஸ்ட். கெஸ்ட் பார்க்கும் ஹார்ட் டிஸ்க், உங்கள் டிஸ்கில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். நெட்வொர்க் கார்டும் போலி, டிஸ்ப்ளே கார்டும் போலி. ஆனால் ப்ராசஸரும் ரேமும் போலி இல்லை. கெஸ்ட்டின் கட்டளைகள் பெரும்பாலும் உங்கள் நிஜ ப்ராசஸரில் நேரடியாகவே ஓடுகின்றன, நிஜ ரேமில்தான் உட்காருகின்றன. விர்ச்சுவல் மெஷின் புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை, இருப்பதைப் பங்கு போடுகிறது. சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது, ஏற்றுவதும் சுலபம். அதன் பிறகு நகருமா நகராதா என்பது ஹார்டுவேர் கையில்.

எமுலேஷன் என்பது வேறு. அதில் ப்ராசஸரும் போலிதான், ஒவ்வொரு கட்டளையையும் சாஃப்ட்வேர் மாற்றிப்போட்டு ஓட்டுகிறது. அதனால் மெதுவாக இருக்கும். மேக் பற்றிய கேள்வியில் இது திரும்ப வரும்.

கேள்வி: என்னுடையது பழைய டெஸ்க்டாப். ப்ராசஸர் போதுமா?

வேகத்தைப் பார்ப்பதற்கு முன், விர்ச்சுவல் மெஷினுக்கு ப்ராசஸருக்குள்ளிருந்தே உதவும் ஒரு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலில் அதற்கு விடி-எக்ஸ் என்று பெயர், ஏஎம்டியில் ஏஎம்டி-வி.

இது ஏன் தேவைப்பட்டது என்பது கொஞ்சம் பழைய கதை. ஐபிஎம்மின் பெரிய மெஷின்களில் 1960களிலேயே ஒன்றுக்குள் ஒன்று ஓட்டினார்கள். ஒரு ப்ராசஸரை இப்படிப் பங்கு போட என்னென்ன தகுதி வேண்டும் என்று 1974இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் எழுதி வைத்தார்கள். கெஸ்ட் ஏதாவது அதிகாரக் கட்டளை கொடுத்தால், ப்ராசஸர் அதை நிறுத்தி, மேலே இருக்கும் மேலாளர் சாஃப்ட்வேரிடம் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் வீட்டு பிசியின் எக்ஸ்86 ப்ராசஸருக்கு அப்போது அந்தத் தகுதி இல்லை. பெண்டியத்தில் 17 கட்டளைகள் யாரையும் கேட்காமல் நழுவிப் போயின. விஎம்வேர் 1999இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. கெஸ்ட்டின் கட்டளைகளை ஓடும்போதே படித்து, வம்பானவற்றை மாற்றி எழுதியது. கெட்டிக்கார வேலை, ஆனால் சுமை.

இன்டெல் 2005 நவம்பரிலும் ஏஎம்டி 2006இலும் ப்ராசஸருக்குள்ளேயே வசதியை வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் மெமரி முகவரிகளை ஹார்டுவேரே கணக்குப் பார்க்கும் வசதியும் வந்தது. இன்டெல் அதை ஈபிடி என்கிறது. இன்றைக்கு விர்ச்சுவல் மெஷின் வேகமாக ஓடுகிறதென்றால் பாதிப் புண்ணியம் அதற்குத்தான்.

கோர் ஐ3, ஐ5, ஐ7 என்று எழுதியிருந்தால் எந்தத் தலைமுறையானாலும் விடி-எக்ஸ் இருக்கும். ரைசன் எல்லாவற்றிலும் ஏஎம்டி-வி இருக்கும். மாட்டிக்கொள்வது அதற்கு முந்தையவை. பழைய நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270இல் கிடையாது. கோர் 2 டுயோவில் ஈ6000 வரிசையில் உண்டு, ஈ4000 வரிசையில் கிடையாது. இன்டெல் இதை மாடலுக்கு மாடல் கொடுத்தும் பிடுங்கியும் விற்றது. விண்டோஸ் 7இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பி மோட் என்று ஒன்றைக் கொடுத்தபோது இந்த வசதி இருந்தால்தான் ஓடும் என்றார்கள். வாங்கினவர்களில் பலருடைய ப்ராசஸரில் அது இல்லை. 2010இல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள்.

விர்ச்சுவல் பாக்ஸ் 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்போடு, இந்த வசதி இல்லாத ப்ராசஸர்களைக் கைவிட்டுவிட்டது. ஆகவே இல்லையென்றால் இல்லைதான், பழைய பதிப்பைத் தேடிப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. வலது கீழ்ப் பகுதியில் விர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வரி இருக்கும், எதிரே எனேபிள்ட் அல்லது டிஸேபிள்ட். லினக்ஸில் டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று அடித்தால் அதே பெயரில் ஒரு வரி வரும்.

கேள்வி: ஐ5தான், ஆனால் விர்ச்சுவல் பாக்ஸில் 64-பிட் உபுண்டு என்ற பெயரே லிஸ்டில் வரவில்லை. 32-பிட் மட்டும்தான் காட்டுகிறது. சில சமயம் "விடி-எக்ஸ் இஸ் டிஸேபிள்ட் இன் த பயாஸ்" என்று திட்டுகிறது.

வசதி இருக்கிறது, பூட்டியிருக்கிறது. பல கம்பெனிகள் இதை ஆஃப் பண்ணித்தான் அனுப்புகிறார்கள். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் செட்டிங் பக்கத்துக்குள், போக வேண்டும். மெஷினை ஆன் செய்தவுடன், எச்பி என்றால் எஃப்10, டெல், ஏசர், ஆசுஸ் என்றால் எஃப்2, லெனோவோவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2, கடையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் டெலீட் கீ. உள்ளே அட்வான்ஸ்ட், செக்யூரிட்டி, சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று எந்த மூலையிலும் அது ஒளிந்திருக்கும். இன்டெல் போர்டில் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்று தேடுங்கள். ஏஎம்டி போர்டில் அந்தப் பெயர் இருக்காது, எஸ்விஎம் மோட் என்று இருக்கும். இது தெரியாமல்தான் ஏஎம்டிக்காரர்கள் திரும்பி வருகிறார்கள்.

ஆன் செய்து சேவ் பண்ணியபின் வெறும் ரீஸ்டார்ட் போதாமல் போகலாம். முழுக்க ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் விட்டுப் போடுங்கள். சில போர்டுகள் அப்படிச் செய்தால்தான் ஏற்றுக்கொள்கின்றன.

கேள்வி: எல்லாம் ஆன். ஆனாலும் நத்தை மாதிரி ஓடுகிறது. கீழே ஒரு பச்சை ஆமைப் படம் வேறு.

அந்த ஆமையை விர்ச்சுவல் பாக்ஸ்காரர்கள் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். "விடி-எக்ஸை என்னால் நேரடியாகப் பிடிக்க முடியவில்லை, விண்டோஸின் ஹைப்பர்-வி முன்னாலேயே பிடித்துக்கொண்டது, அதன் முதுகில் ஏறித்தான் ஓடுகிறேன்" என்று அர்த்தம்.

நான் ஹைப்பர்-வியே போடவில்லையே என்பீர்கள். நீங்கள் போட வேண்டியதில்லை. விண்டோஸ் 11இல் கோர் ஐசொலேஷன் என்ற பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. புது லேப்டாப்புகளில் அது ஆன் ஆகியே வருகிறது, அடியில் ஹைப்பர்-வியை வைத்துத்தான் வேலை செய்கிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கமாண்டுகளை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இவற்றைப் போட்டிருந்தாலும் அப்படியே.

அதை ஆஃப் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் ஆமை போய்விடும். ஆனால் நான் எல்லாருக்கும் இதைச் செய்து கொடுப்பதில்லை. அதே லேப்டாப்பில் நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டியும் நடக்கிறதென்றால் பாதுகாப்பு இருக்கட்டும், ஆமையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பையன் லினக்ஸ் கமாண்டு படிக்கத்தான் கேட்கிறான் என்றால் விர்ச்சுவல் பாக்ஸே வேண்டாம், டபிள்யூஎஸ்எல் 2 போதும். அது ஹைப்பர்-வியோடு சண்டை போடாது, அதன் மேலேயே ஓடுகிறது.

கேள்வி: ரேம் எவ்வளவு வேண்டும்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ப்ராசஸரைப் பற்றிக் கவலைப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நிஜத்தில் இடிப்பது ரேம்தான்.

கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி என்று எழுதியிருக்கிறார்கள். அதில் விண்டோஸ் மட்டும் எழுந்து நிற்கும், கூட யாரும் நிற்க இடமில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் வழக்கமாகத் திறப்பதை எல்லாம் திறந்து வையுங்கள். டேலி, குரோமில் உங்கள் டேபுகள், வாட்ஸ்அப். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். அவெய்லபிள் என்று காட்டுவதுதான் உங்கள் கையிருப்பு. அதிலும் ஒரு ஜிபியை ஹோஸ்ட்டுக்கு விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் கெஸ்ட்டுக்குக் கொடுக்கலாம்.

நடைமுறையில் இப்படித்தான் வருகிறது. 4 ஜிபி மெஷினில் விண்டோஸ் 10க்குள் உபுண்டு என்பது வேண்டாத வேலை. 8 ஜிபியில் ஒரு லேசான லினக்ஸ், ஹோஸ்ட்டில் குரோமை மூடிவிட்டால், மரியாதையாக ஓடும். விண்டோஸுக்குள் விண்டோஸ், அல்லது இரண்டிலும் ஒரே நேரத்தில் வேலை என்றால் 16 ஜிபி. அதற்கு மேல் வீட்டுக்குத் தேவைப்படுகிறவர்கள் குறைவு.

விர்ச்சுவல் பாக்ஸில் கெஸ்ட்டுக்கு ரேம் ஒதுக்கும் இடத்தில் பச்சை, சிவப்பு என்று ஒரு பட்டை இருக்கும். சிவப்பு வரை இழுத்துவிட்டு "6 ஜிபி கொடுத்தேனே" என்பார்கள். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்தின் சித்தூர்ப் பக்கத்துக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது ஒரு பக்கம், ஏப்ரலில் வாய்க்காலில் என்ன வருகிறது என்பது இன்னொரு பக்கம் என்று இங்கே விவசாயம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ரேமும் அப்படித்தான். நிஜத்தில் இல்லாததை ஒதுக்கினால் ஹோஸ்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை ரேம் போல வைத்துச் சமாளிக்கப் பார்க்கும். உடனே டிஸ்க் நூறு சதவீதத்துக்குப் போகும், மவுஸ் நகராது, உள்ளேயும் வெளியேயும் சேர்ந்து நின்றுவிடும். கெஸ்ட் ஹேங் ஆகிறது என்று கொண்டுவரும் மெஷின்களில் நான் முதலில் செய்வது அந்தப் பட்டையைக் குறைப்பதுதான். குறைத்ததும் வேகம் கூடுவதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

இன்னொன்று. "8 ஜிபி போட்டேன், 5.9தான் யூஸபிள் என்று காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?" என்று ரைசன் லேப்டாப்போடு வருவார்கள். ஏமாற்றவில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் டிஸ்ப்ளேவுக்கு 2 ஜிபியை எடுத்துக்கொண்டது. சில மாடல்களில் பயாஸில் அதைக் குறைக்கலாம், பலவற்றில் முடியாது.

கேள்வி: ரேமை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாமா?

இல்லை. போர்டுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5 டெஸ்க்டாப்களில் நிறைய வந்த எச்61 போர்டு 16 ஜிபியோடு சரி. கோர் 2 டுயோ காலத்து ஜி41 என்றால் 8 ஜிபி. விண்டோஸ் 32-பிட் போட்டிருந்தால் எத்தனை ஸ்டிக் செருகினாலும் மூன்று, மூன்றரை ஜிபிக்கு மேல் அது பார்க்காது. முதலில் 64-பிட்டுக்கு மாறுங்கள். மெல்லிசு லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. வாங்கும்போது என்னவோ சாகும்வரை அதுதான். லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ப்ராசஸர் பெயரைக் கேட்பதற்கு முன் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க் 1 டிபி. இடம் நிறைய இருக்கிறதே?

இடம் இருக்கிறது, வேகம் இல்லை. சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு முள்தான் அங்கேயும் இங்கேயும் ஓடிப் படிக்கிறது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை ஒரு செகண்டுக்குச் சுமார் நூறு தடவைதான் அதனால் எடுக்க முடியும். விண்டோஸ் அப்டேட் ஒரு பக்கம், உள்ளே உபுண்டு அப்டேட் ஒரு பக்கம் என்றால் முள் பாவம். எஸ்எஸ்டியில் முள் கிடையாது, அதே வேலை பல்லாயிரம் தடவை நடக்கும். செலவு பண்ணக் கை வராதவர்கள் ஒன்றை மட்டும் மாற்றுவதென்றால், ரேம் 8 ஜிபி இருக்கும் பட்சத்தில், எஸ்எஸ்டிக்கு மாறுங்கள்.

கெஸ்ட்டின் டிஸ்க் ஃபைல் வளரும் வகையில் வைத்திருந்தால் முதலில் சின்னதாக இருக்கும், போகப் போகப் பெருக்கும். உள்ளே ஃபைல்களை அழித்தாலும் அது தானாகச் சுருங்காது. ஸ்னாப்ஷாட் (கெஸ்ட்டின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து எடுத்து வைத்தாலும் இடம் போகும். டிஸ்க் நிரம்பினால் கெஸ்ட் பாதியில் நின்றுவிடும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் ஒரு கெஸ்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாலு கோர் இருக்கிறது. நாலையும் கெஸ்ட்டுக்குக் கொடுத்தால் வேகமாகுமா?

ஆகாது, ஹோஸ்ட் திணறும். ஹோஸ்ட் திணறினால் கெஸ்ட்டும் திணறும். நிஜ கோர்களில் பாதி கொடுங்கள். டாஸ்க் மேனேஜரில் கோர் என்றும் லாஜிக்கல் ப்ராசஸர் என்றும் இரண்டு எண் வரும், சின்ன எண்ணை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: நெல் மில்லில் பழைய எக்ஸ்பி மெஷினில்தான் எடை, பில் எல்லாம். சாஃப்ட்வேர் எழுதினவரைக் காணோம். மெஷின் எப்போது வேண்டுமானாலும் போய்விடும். இதை உள்ளே வைத்துக் காப்பாற்ற முடியுமா?

விர்ச்சுவல் மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்கிற நானே இங்கே வேண்டும் என்பேன். எக்ஸ்பி 2001இல் வந்தது. அதற்கு 512 எம்பி ரேமும் ஒரு கோரும் 10 ஜிபி டிஸ்கும் தாராளம். 8 ஜிபி மெஷினில் அது இருப்பதே தெரியாது.

கஷ்டம் வேறு இடத்தில். எக்ஸ்பி இன்ஸ்டால் செய்யும்போது நீல ஸ்கிரீன் வந்து நின்றால், கெஸ்ட்டின் டிஸ்க் சாட்டா கன்ட்ரோலரில் இருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்பிக்கு அதன் டிரைவர் தெரியாது. செட்டிங்கில் ஐடிஈ கன்ட்ரோலருக்கு மாற்றுங்கள், ஏறிவிடும். எடை மேடையிலிருந்து வரும் சீரியல் கேபிளை, ஹோஸ்ட்டில் ஒரு யுஎஸ்பி கன்வர்ட்டர் போட்டு, அந்த காம் போர்ட்டைக் கெஸ்ட்டுக்குக் காட்டிவிடலாம். பெரும்பாலும் ஓடுகிறது. ஆனால் சாஃப்ட்வேருக்குப் பூட்டாக பேரலல் போர்ட்டில் ஒரு டாங்கிள் செருகியிருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். அந்த டாங்கிள் நேரடியாகக் கம்பியோடு பேச வேண்டும், போலி போர்ட்டில் பேசாது. அப்போது அதே மாதிரிப் பழைய மெஷின் ஒன்றை உதிரிக்கு வாங்கி வைப்பதுதான் வழி.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. ஆகவே கெஸ்ட்டுக்கு இன்டர்நெட்டைக் கொடுக்காதீர்கள், நெட்வொர்க் கார்டையே கழற்றிவிடுங்கள். பில் ஃபைலை வெளியே எடுக்க ஷேர்டு ஃபோல்டர் போதும். வாரம் ஒருமுறை கெஸ்ட்டை ஷட்டவுன் செய்து அதன் ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். மெஷின் எரிந்துபோனாலும் வேறு கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரைப் போட்டால் மில் ஓடும்.

கேள்வி: டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி), பிரின்டர், கைரேகை மெஷின் இதெல்லாம் கெஸ்ட்டில் வேலை செய்யுமா?

யுஎஸ்பி என்றால் செய்யும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். டோக்கனைக் கெஸ்ட்டுக்குக் கொடுத்தால் ஹோஸ்ட்டின் கண்ணுக்கு அது தெரியாது. ரிட்டர்ன் ஃபைல் பண்ணும் கடைசி நாளில் "டோக்கன் காணோம்" என்று பதறி வருகிறவர்களில் சிலருக்கு விர்ச்சுவல் பாக்ஸை மூடினாலே கிடைத்துவிடுகிறது.

கேள்வி: அண்ணா, என் பொண்ணு பத்தாவது. ஐடி பிராக்டிகலுக்குப் பழகணும். விர்ச்சுவல் பாக்ஸில் போட்டுக் கொடுங்க.

போடலாம். ஆனால் தேவைதானா என்று பாருங்கள். கிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆஃபீஸ், ஜியோஜீப்ரா எல்லாவற்றுக்கும் விண்டோஸ் பதிப்பு இலவசமாக இருக்கிறது. பழகுவதற்கு அதுவே பாதிக்கு மேல் போதும். லேபில் இருக்கிற அதே ஸ்கிரீன்தான் வேண்டும் என்றால், பென்டிரைவில் லைவ் ஆக (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும்படி) போட்டு அதிலிருந்தே பூட் செய்யலாம். டிஸ்கைத் தொடாது, விடி-எக்ஸ் கேட்காது, மெஷினின் முழு ரேமும் லினக்ஸுக்கே கிடைக்கும். 4 ஜிபி லேப்டாப்புக்கு விர்ச்சுவல் பாக்ஸைவிட இதுதான் உருப்படியான வழி.

தினமும் வேண்டும் என்றால் டூயல் பூட். ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், ஆனால் முழு வேகத்தில் ஓடும். விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிஸ்கைப் பிரிப்பதற்கு முன், டிஸ்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அது தானாகவே ஆன் ஆகியிருக்கும், தெரிந்தே இருக்காது. ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டிலிருந்து எடுத்து ஒரு பேப்பரில் எழுதிக்கொண்ட பிறகுதான் டிஸ்கில் கை வைக்க வேண்டும். கீ இல்லாமல் பூட்டிக்கொண்டால் என்னாலும் திறக்க முடியாது, யாராலும் முடியாது.

கேள்வி: விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது. மெஷின் விண்டோஸ் 11 ஏற்காது. வெளியே லினக்ஸ் போட்டு உள்ளே விண்டோஸ் 11 வைத்தால்?

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு சாதாரண ஆதரவு முடிந்தது. உள்ளே விண்டோஸ் 11 வைப்பது கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. அது கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பைக்கூட விர்ச்சுவல் பாக்ஸ் 7.0 முதல் போலியாகக் காட்டுகிறது. ஆனால் விண்டோஸ் 11 ஏற்காத மெஷின் என்றால் இன்டெலில் பெரும்பாலும் ஏழாம் தலைமுறை வரை உள்ள மெஷின். அதில் பெரும்பாலும் 4 அல்லது 8 ஜிபிதான் இருக்கும். லினக்ஸுக்கும் கொடுத்து விண்டோஸ் 11க்கும் கொடுக்க எங்கே போவது? 16 ஜிபியும் எஸ்எஸ்டியும் போட்டால் ஓடும். அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். உள்ளே போடும் விண்டோஸுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். லேப்டாப்போடு வந்தது ஒன்றுக்குத்தான்.

எது வெளியே, எது உள்ளே என்று குழம்பினால்: டிஸ்ப்ளே கார்டையும் அதிக ரேமையும் கேட்பது வெளியே இருக்கட்டும், எப்போதாவது எட்டிப் பார்ப்பது உள்ளே போகட்டும்.

கேள்வி: கெஸ்ட்டில் கேம்? வீடியோ எடிட்டிங்?

வேண்டாம். கெஸ்ட் பார்ப்பது போலி டிஸ்ப்ளே கார்டு. நிஜக் கார்டையே உள்ளே ஒப்படைக்க வழி உண்டு, அதற்கு விடி-டி என்ற வேறொரு வசதியும் பெரும்பாலும் இரண்டாவது கார்டும் வேண்டும். பொழுதுபோகாத வாலிபர்களின் வேலை அது.

கேள்வி: தம்பி ஐடி கம்பெனி. எம் வரிசை மேக் வைத்திருக்கிறான். அதில் விண்டோஸ் போட்டு டேலி ஓட்டலாமா?

2020 நவம்பர் முதல் வந்த எம்1, எம்2 போன்ற மேக்குகளின் ப்ராசஸர் ஆர்ம் இனம், இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களிலிருந்து வேறு. உள்ளே ஓடுவதும் ஆர்ம் விண்டோஸாகத்தான் இருக்க வேண்டும். பேரலல்ஸ் சாஃப்ட்வேரில் ஆர்ம் விண்டோஸ் 11 ஓட்ட 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டே ஒப்புதல் கொடுத்தது. சாதாரண விண்டோஸ் சாஃப்ட்வேர்களை அந்த ஆர்ம் விண்டோஸ் தனக்குள் எமுலேட் செய்து ஓட்டும், பில்லிங் மாதிரி வேலை நடக்கும். டிரைவர்களை மட்டும் எமுலேட் செய்யாது. டிஎஸ்சி டோக்கன், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் என்று வந்தால் அங்கேதான் இடிக்கும். சாதாரண விண்டோஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் ஃபைலை) டவுன்லோட் செய்து மேக்கில் போட்டுப் பார்த்தேன், ஏறவில்லை என்றால், ஏறாது.

கேள்வி: வெயில் காலத்தில் மட்டும் விஎம் மெதுவாகிறது. மனப்பிரமையா?

பிரமை இல்லை. பாலக்காட்டு வெயில் 40ஐத் தொடும் மார்ச், ஏப்ரலில் ஓட்டுக் கூரைக்குக் கீழே, மெத்தை மேல் வைத்த லேப்டாப் மூச்சு விட முடியாது. சூடு ஒரு அளவைத் தாண்டினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டு ஓஎஸ் ஓடும்போது அந்த அளவு சீக்கிரம் வரும். ஃபேனைத் துடைத்து, சிபியு மேல் காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றினால் பழைய வேகம் வரும்.

கரன்ட் விஷயமும் உண்டு. டெஸ்க்டாப்பில் கெஸ்ட் ஓடும்போது கரன்ட் போனால் இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே நேரத்தில் அடிபடும். யுபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் கெஸ்ட்டை சேவ் ஸ்டேட் கொடுத்து மூடுங்கள். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து எழும்.

கேள்வி: விஎம்முக்குள் இன்னொரு விஎம்?

முடியும், ப்ராசஸரும் சாஃப்ட்வேரும் ஒத்துழைத்தால். விர்ச்சுவல் பாக்ஸ் 6.1 முதல் இன்டெலிலும் நடக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் வேகம் குறையும். படிக்கிற பிள்ளைகள் தவிர வேறு யாருக்கும் இதன் தேவை வந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: கெஸ்ட்டை அப்படியே பென்டிரைவில் போட்டு ஆபீஸுக்குக் கொண்டுபோக நினைத்தேன். 4 ஜிபி காப்பி ஆனதும் எரர். 64 ஜிபி பென்டிரைவ்தான்.

பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கிறது. அதில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, மொத்த இடம் எவ்வளவு இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை வேறு எங்காவது எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓட்டாதீர்கள், தாங்காது. அங்கே போய் டிஸ்கில் காப்பி செய்து ஓட்டுங்கள். அந்த ஆபீஸ் மெஷின் பயாஸில் விடி-எக்ஸ் ஆன் ஆகியிருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னாலேயே போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள்.